மஞ்சள் விற்கும் முன்னே ஃபீஸ் கட்டச் சொன்னால்

ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். மகள் கோவையை ஒட்டிய தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். கவுன்சிலிங்கில் கிடைத்த இடம். கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்திருக்கிறது: கல்விக் கட்டணம் 55,000, பேருந்து 24,000, பயிற்சிக் கட்டணம் 8,000, ஆக மொத்தம் 87,000 ரூபாய். ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம், 30 நாள் தாண்டினால் பெயர் நீக்கம். அவர் கையில் 40,000 இருக்கிறது. மஞ்சள் மூட்டைகளை விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருக்கிறார், ஆகஸ்ட் கடைசியில் போடலாம் என்று எண்ணம். "தவணையில கட்ட விடுவாங்களா? இல்ல, 3 ரூபா வட்டிக்கு வாங்கிக் கட்டிப்போடட்டுங்களா? பரீட்சை எழுத உடமாட்டாங்களோன்னு அம்மிணி பயப்படுது" என்கிறார்.

நான் தனியார் கல்லூரி ஒன்றின் கணக்குப் பிரிவில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கவுன்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வட்டிக்கு வாங்க வேண்டாம். தவணை பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் கெடு முடிவதற்கு முன்னால், எழுத்தில் கேட்க வேண்டும். 14-ஆம் தேதி கேட்பவருக்கும் 17-ஆம் தேதி கேட்பவருக்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு.

அது ஏன் என்று கவுன்டருக்கு உள்ளே இருந்தால்தான் தெரியும். இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் ஃபீஸ் கணக்கு கம்ப்யூட்டர் மென்பொருளில் ஓடுகிறது. 15-ஆம் தேதி இரவு 12 மணி தாண்டியதும் பாக்கி உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக அபராதம் தானாக ஏறிவிடும். கேஷியர் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. அவருக்கு அந்த அனுமதியே கொடுத்திருக்க மாட்டார்கள். ஏறிய அபராதத்தைத் தள்ளுபடி செய்ய முதல்வரோ தாளாளரோ கையெழுத்துப் போட வேண்டும், ஆடிட்டர் கேட்டால் காரணம் காட்ட வேண்டும். ஆனால் 15-க்கு முன்பே தவணைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால், கெடு தேதியையே மாற்றிப் பதிந்துவிடுவோம். அபராதம் ஏறவே ஏறாது. ஆக, தள்ளுபடி கேட்பது அவர்களுக்குத் தலைவலி, தேதி மாற்றக் கேட்பது இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் கேஷியரிடம் வந்து சண்டை போட்டுப் போன அப்பாக்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பாவம், இரண்டு பக்கமும் தப்பில்லை.

தவணை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அது கல்லூரியின் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு நம் பக்கத்துப் பொழப்பு தெரியும். ஃபீஸ் கெடு வருவது ஜூன், ஜூலையில். மஞ்சள் வெட்டுவது தை, மாசியில். ஜூன் மாதம் விவசாயி கையிலிருக்கும் காசு விதை மஞ்சளுக்கும் ஆள் கூலிக்கும் போய்க்கொண்டிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குத் தீபாவளி போனஸ் வந்தால்தான் மொத்தமாக ஒரு தொகையைக் கண்ணால் பார்க்க முடியும். சோமனூர், பல்லடம் தறிக்காரர் கதை இன்னும் மோசம், எப்போது கூலி உயரும், எப்போது ஸ்ட்ரைக் என்று அவருக்கே தெரியாது. இவர்கள் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பறைகளில் பாதிக்கு மேல். அதனால் ஆண்டுக் கட்டணத்தை இரண்டு பருவமாகப் பிரித்து வாங்குவது இங்கே பல கல்லூரிகளில் வாடிக்கைதான். சுற்றறிக்கையில் போட மாட்டார்கள். போட்டால் எல்லாரும் கேட்பார்கள் அல்லவா?

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 55,000-இல் பாதி 27,500. பேருந்துக் கட்டணத்தில் பாதி 12,000. இரண்டும் சேர்ந்து 39,500. உங்கள் கையில் இருப்பது 40,000. ஜூலை 15-க்கு முன் இதைக் கட்டிவிட்டு, மிச்சம் 47,500-க்குத் தேதி கேளுங்கள். பாதிக்கு அருகில் கட்டியவரிடம் எந்தக் கல்லூரியும் முரண்டு பிடிக்காது. வெறுங்கையோடு வந்து தவணை கேட்பவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம்.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள், முதல்வர் முதல் வரியையும் கடைசி வரியையும்தான் படிப்பார். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, என் மகள் இரண்டாம் ஆண்டு இன்ன துறையில் படிக்கிறாள், பதிவு எண் இன்னது. இந்த ஆண்டுக் கட்டணம் 87,000 ரூபாயில் இன்று 39,500 செலுத்துகிறேன். மீதி 47,500-இல் 20,000-ஐ ஆகஸ்ட் 31-க்குள்ளும், 27,500-ஐ டிசம்பர் 31-க்குள்ளும் செலுத்த அனுமதிக்கவும். இந்தத் தேதிகளுக்குள் அபராதம் இன்றி ஏற்றுக்கொள்ளவும் வேண்டுகிறேன்."

தேதியும் தொகையும் நீங்களே எழுதுங்கள். "மஞ்சள் விற்றதும் கட்டுகிறேன்" என்று எழுதினால் அதைக் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் பதிவது? கடிதத்தின் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தவணை கொடுத்துவிட்டு, பாக்கித் தொகைக்கு அபராதமும் ஓடவிடும் இடங்கள் உண்டு. முதல்வர் ஓரத்தில் "அனுமதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் காகிதத்தைக் கணக்குப் பிரிவில் கொடுத்து, கெடு தேதி மாறியதைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல்வர் அறைக்கும் கணக்குப் பிரிவுக்கும் நடுவில் காணாமல் போன கடிதங்களை வைத்து ஒரு தனி அலமாரியே அடுக்கலாம்.

தவணை மறுத்துவிட்டால்? அப்போதுதான் வட்டியும் அபராதமும் எது மலிவு என்று பார்க்க வேண்டும். அபராதம் "100 ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் பாக்கி எவ்வளவானாலும் நாளுக்கு 100 என்றால், 47,500-க்கு மாதம் 3,000. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு 6 ரூபாய் 30 பைசா வட்டி. நீங்கள் பயப்படும் 3 ரூபாய் வட்டிக்கு மாதம் 1,425-தான் ஆகிறது. ஆக, அபராதத்தை ஓடவிட்டுக் காத்திருப்பது வட்டிக்கடைக்காரரைவிட மோசம். இதே அபராதம் நாளுக்கு 20 ரூபாய் என்று இருந்தால் கணக்கு தலைகீழ், மாதம் 600-தான், பேசாமல் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். முதல் 15 நாளுக்கு ஒரே தொகை, அப்புறம் இன்னொரு தொகை என்று படிப்படியாக வைக்கும் கல்லூரிகளும் உண்டு. அங்கே 2-ஆம் நாள் கட்டினாலும் 14-ஆம் நாள் கட்டினாலும் ஒன்றுதான். சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியைக் கூர்ந்து படியுங்கள்.

ஆனால் உங்களுக்கு 3 ரூபாய் வட்டியும் தேவையில்லை. மஞ்சளை வைத்துக்கொண்டே காசு வாங்க வழி இருக்கிறது. வேளாண் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் மூட்டைகளை இருப்பு வைத்தால், மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் கொடுக்கிறார்கள். 180 நாள் கெடு, ஆண்டுக்கு 5 சதவீத வட்டி. 47,500-க்கு மாதம் 200 ரூபாய்கூட வராது. விலை ஏறும்போது விற்றுக் கழித்துக்கொள்ளலாம். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பக்கத்துக் கூடத்தில் விசாரியுங்கள். விலைக்காக இருப்பு வைக்கும் விவசாயிக்காகவே உள்ள திட்டம் இது. மஞ்சளைத் தனியார் குடோனில் போட்டுவிட்டு மகள் ஃபீஸுக்கு மீட்டர் வட்டிக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அடுத்தது நகைக்கடன். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 9 சதவீதம் என்று வைத்தாலும் முக்கால் ரூபாய் வட்டிதான், மாதம் 356 ரூபாய்.

மகளின் பயத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு தனித்தனிப் பணம் இருக்கிறது, எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கல்விக் கட்டணம் கல்லூரிக்குப் போவது. தேர்வுக் கட்டணம் வேறு. இணைப்புக் கல்லூரியானால் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும், தன்னாட்சிக் கல்லூரியானால் அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு. கல்விக் கட்டணத்துக்குத் தவணை உண்டு, தேர்வுக் கட்டணத்துக்குக் கிடையாது. அதன் கெடு தாண்டினால் அபராதத்தோடு ஒரு தேதி கொடுப்பார்கள், அதுவும் தாண்டினால் பெயர் பட்டியலில் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் முதல்வரே நினைத்தாலும் ஹால் டிக்கெட் வராது. ஆகவே எதை நிறுத்தினாலும் தேர்வுக் கட்டணத்தை மட்டும் அறிவிப்பு வந்த வாரமே கட்டிவிடுங்கள். தொகையும் சிறியது.

கல்விக் கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பது நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் மிரட்டல். தேர்வு காலை 10 மணிக்கு என்றால் 9:40-க்கு அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை உள்ளே விடுவார்கள். ஆனால் அந்த 20 நிமிடத்தில் பிள்ளை படித்ததெல்லாம் மறந்துபோகும். தவணைக் கடிதத்தின் நகல் அவள் பையில் இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம். இன்னொன்று, பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் பிடித்து வைத்துக்கொள்வது. சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையிலும் இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்து முன்கூட்டியே வாங்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. சிலர் "மூன்று வருடமும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி" என்று வலை வீசுவார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அந்த 8,000 பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்த தொகை: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, அங்கீகாரத் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. ஆய்வகம், நூலகம், இணையம், விளையாட்டு என்று வகுப்பறையைச் சுற்றி உள்ளவையெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விடுதியும் பேருந்தும் வெளியே. மகள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய ஆணையை எடுத்துப் பாருங்கள். "பயிற்சி" என்ற பெயரில் தனியாக வாங்குவது கட்டாயமா, விருப்பமா என்று கேளுங்கள், கட்டினால் அதே பெயரில் ரசீது கேளுங்கள். ரசீது தர யோசிக்கும் பணம் எதுவோ அதுதான் கேள்வி கேட்க வேண்டிய பணம். சண்டைக்குச் சொல்லவில்லை. பல அப்பாக்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் "சரிங்க, அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாங்களே சொன்னதுண்டு.

முதல் பட்டதாரிச் சலுகை உங்களுக்கு ஏன் இல்லை என்று தெரியவில்லை, மூத்த பிள்ளை ஏற்கெனவே பட்டம் வாங்கியிருக்கலாம். அப்படி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சிலிங்கில் வந்த இடத்துக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசே கல்லூரிக்குக் கொடுக்கிறது, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்த பிள்ளையானால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. அவர்களிடம் ஃபீஸ் கேட்டால் அங்கேயே நின்று கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. மத்திய அரசின் பங்கு இப்போது பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது, வந்த 7 நாளுக்குள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். கணக்கில் திடீரென்று பணத்தைப் பார்த்ததும் வீட்டில் எதற்காவது எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கல்லூரி கேட்கும்போது கையைப் பிசைகிறார்கள். இப்படி ஒரு பெண் இறுதியாண்டில் அழுதுகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல்விக் கடன் இந்த ஜூலைக்கு உதவாது, அடுத்த ஆண்டுக்கு இப்போதே பாருங்கள். 4 லட்சம் வரை பிணையும் இல்லை, உங்கள் பங்கு என்று கையிலிருந்து போடவும் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், தவணை கட்ட வேண்டாத அந்தக் காலத்துக்கான வட்டிக்கு மத்திய அரசின் மானியமும் உண்டு. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மே மாதமே தொடங்கினால்தான் ஜூலைக்குள் பணம் கல்லூரிக்குப் போகும். கிளையில் இழுத்தடித்தால், விண்ணப்பம் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கல்லூரியில் காட்டினாலே தேதி தள்ளிக் கொடுப்பார்கள்.

கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு "வட்டியில்லா மாதத் தவணை" என்று ஒரு நிதி நிறுவனத்தார் உட்கார்ந்திருப்பார்கள். அது கல்லூரி தரும் தவணை அல்ல, உங்கள் பெயரில் கடன். முழுப் பணத்தையும் அவர்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் அவர்களுக்கு மாதம் மாதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் வங்கிக் கணக்கில் காசில்லாமல் திரும்பினால் அவர்கள் அபராதமும் வங்கி அபராதமும் சேர்ந்து வரும், கடன் கேட்டால் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் விழும். மகள் பாதியில் படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. மாதச் சம்பளக்காரருக்குச் சரிப்படும். வருடத்தில் இரண்டு முறை காசு பார்க்கும் விவசாயிக்கு ஆகாது.

பணம் கட்டும் விதத்தில் என் வீட்டிலேயே ஒரு முறை அடிபட்டேன். மகன் வேறொரு கல்லூரியில் படித்தபோது ஆன்லைனில் கட்டினேன். கணக்கில் பணம் கழிந்தது, திரையில் "தோல்வி" என்றது. கெடு அன்றுதான் கடைசி, பயத்தில் உடனே இன்னொரு தடவை கட்டினேன். மறுநாள் பார்த்தால் இரண்டும் ஏறியிருக்கிறது. கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்க நாலு மாதம் நடந்தேன், அதுவும் நான் இதே வேலையில் இருந்தவன்! கழிந்துவிட்டு ஏறாமல் போன பணம் யு.பி.ஐ. வழியானால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ஆனால் கல்லூரிக் கணக்கில் ஏறிவிட்ட இரண்டாவது பணத்துக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் கடைசி நாளில் கட்டாதீர்கள். மூன்று நாள் முன்னால் கட்டினால் காத்திருந்து பார்க்க நேரம் இருக்கும்.

வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நெஃப்டில் அனுப்பினால் குறிப்புப் பகுதியில் பெயரைவிட முக்கியம் பதிவு எண். எண் இல்லாமல் வரும் பணத்தை எந்தப் பிள்ளைக்குப் பதிவது? அதை "யாருடையது தெரியாத வரவு" என்று தனியே ஒதுக்கி வைப்போம். அது அங்கேயே தூங்கும், உங்கள் பிள்ளைக்கு அபராதம் ஓடும். ஒரு பருவத்தில் இப்படி நாற்பது, ஐம்பது வரவுகளைத் தேடிப்பிடித்திருக்கிறேன். கல்லூரிக்கு யு.பி.ஐ.யில் ஒரே தடவையில் 5 லட்சம் வரை அனுப்பலாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது, ஆனால் உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பு குறைவாக இருந்தால் அதுதான் செல்லும். கார்டில் கட்டினால் கூடுதலாக ஒரு சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் விழும். டி.டி. என்னும் வங்கி வரைவோலையானால் பின்பக்கம் பென்சிலில் பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கொடுங்கள்.

போகும்போது நீங்களே போங்கள், மகளை அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் கவுன்டரில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள், கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள். திங்கள் காலை கூட்டம் நெரியும், 14, 15 தேதிகளில் வரிசை வாசல் வரை வரும். 8-ஆம் தேதியை ஒட்டி ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை வாக்கில் போனால் முதல்வரும் இருப்பார், கணக்குப் பிரிவும் டீ குடித்து முடித்திருக்கும். முதலில் முதல்வர் அறை, அப்புறம்தான் கவுன்டர். 39,500-ஐ அன்றைக்கே கட்டி, கடித நகலோடு ரசீதையும் கையோடு வாங்கிவிடுங்கள்.